சட்டைப் பையில் மூன்று மியூஸ்லி பார்

முதலில் ஒரு மன்னிப்பு. நான் சாதாரண தரப் பரீட்சையோடு, பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழில் கடைசியாக நீளமாக எழுதியது, இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அம்மாவுக்குப் போட்ட கடிதங்கள்தான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கடைச் சாமான் பட்டியலும், வேலையிடத்து இயந்திரத்தில் ஒட்டுகிற ‘பழுது, பாவிக்க வேண்டாம்’ என்ற துண்டுகளும். மலை ஏறியவர்கள் எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். நான் ஏறியது ஒரே ஒரு மலை. அதிலும் உச்சிக்குப் போகவில்லை. இருந்தும் எழுதத் துணிந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் நின்று கதைக்க எனக்கு வராது. எழுதும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஆக்லாந்து நகரின் பாட்டனி டவுன்ஸில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். படுக்கை விரிப்பு, துவாய், தலையணை உறை, வயதானவர்களின் உடுப்பு. பதினொரு வருடமாகிறது. அதே இல்லத்தில் நர்ஸாக இருந்தவர்தான் என் சிநேகிதி. தமிழ்நாட்டுக்காரர். என்னைவிட எட்டு வயது இளையவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைத் தங்கச்சி என்பேன். அவர் கதைப்பார், நான் கேட்பேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்படித் தொடங்கிய பழக்கம்.

இந்த நாட்டின் வட முனையிலிருந்து தென் முனை வரைக்கும் ஒரு நடைபாதை போகிறது. தே அராரோவா என்று பெயர். முழுவதையும் நடப்பவர்கள் நாலைந்து மாதம் லீவு போட்டு ஒரேயடியாக நடப்பார்கள். என் சிநேகிதிக்கு அப்படி லீவு கிடைக்காது. அவர் துண்டு துண்டாக நடந்தார். ஒரு சனிக்கிழமை ஒரு துண்டு, ஈஸ்டர் விடுமுறையில் ஒரு துண்டு. வீட்டில் பிரிட்ஜ் கதவில் ஒரு வரைபடம் ஒட்டியிருப்பார். நடந்து முடித்த பகுதியின் மேல் சிவப்புப் பேனாவால் கோடு போடுவார். வட முனையிலிருந்து தொங்காரிரோ மலையைத் தாண்டும் வரைக்கும் என்று தனக்குத்தானே ஓர் எல்லை வைத்திருந்தார். அதற்கு ஏழு வருடம் எடுத்தது.

அந்தப் பாதை ஆக்லாந்துக்குள்ளாலும் போகிறது. பிளாட் புஷ்ஷில் எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடத்தில் இருக்கிற தாவரவியல் பூங்காவுக்கு நான் சர்க்கரை வியாதிக்குப் பயந்து நடக்கப் போவதுண்டு. அந்தப் பாதைதான் அதற்குள்ளாலும் போகிறது என்று எனக்குத் தெரியாது. சிநேகிதிதான் சொன்னார்.

“அக்கா, நீங்க அதுல ஏற்கெனவே நடந்துட்டுத்தான் இருக்கீங்க. யு டர்ன் போடாம நேரா வாங்க, அவ்ளோதான்.”

அப்படித்தான் அவரோடு சேர்ந்தேன். கடைசி மூன்று வருடத்தில் பன்னிரண்டு துண்டுகள் அவரோடு நடந்திருக்கிறேன். ஏன் என்னைக் கூப்பிடுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். “நீங்க குறுக்க பேச மாட்டீங்க. எங்க வீட்டுக்காரர் கூட வந்தா, நான் ஒரு வார்த்தை பேசினா அவர் ஒன்பது பேசுவார்” என்றார்.

கடைசியில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. இருபது கிலோமீட்டர்கூட இல்லை. தொங்காரிரோவைக் குறுக்கே கடக்கும் ஒரு நாள் நடை அது. அதற்கு முன்பும் பின்பும் உள்ளதை நடந்து முடித்துவிட்டார். மலைக்கு இரண்டு முறை போய்த் திரும்பி வந்திருந்தார். முதல் முறை காற்று, இரண்டாம் முறை பனிச்சரிவு எச்சரிக்கை. அந்த வருடம் அவருடைய கணவருக்குப் பெர்த்தில் வேலை கிடைத்தது. நவம்பர் நடுவில் வீட்டைக் காலி செய்து ஆஸ்திரேலியா போகிறார்கள். பனி முழுதாகக் கரையும் கோடை வரை காத்திருக்க வழியில்லை. பனிமலைக்கு வழிகாட்டியோடு போகிற பயணத்தில், அவர் போவதற்கு முன் இடம் கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை. எனக்கும் சேர்த்துப் பதிந்துவிட்டுத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கலண்டரைப் பார்த்தேன். அது கந்தசஷ்டியின் ஆறாம் நாள்.

கலியாணம் முடித்துச் சில வருடம் பிள்ளையில்லாமல் இருந்தபோது தொடங்கிய விரதம் அது. பிள்ளை பிறந்து, வளர்ந்து, இப்போது வெலிங்டனில் வேலை செய்கிறாள். நான் விரதத்தை நிறுத்தவில்லை. இருபத்தெட்டு வருடம். ஆறு நாளும் சோறில்லை, உப்பில்லை. பின்னேரம் பூசை முடிந்தபின் ஒரு கிளாஸ் பாலும் ஒரு பழமும். ஊரில் சண்டையால் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்த வருடம் எல்லோருக்குமே சாப்பாடில்லை. அதையும் விரதமாகவே கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

என் கணவர் பஸ் ஓட்டுகிறார். கலண்டரில் நான் விரலை வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டார்.

“விரதத்தோட பனிமலை ஏறப் போறீரோ? அவவுக்குச் சொன்னனீரோ?”

“இல்லை.”

“சொல்லும்.”

“ஓம், சொல்லுறன்.”

சொல்லவில்லை. சொன்னால் சிநேகிதி நாளை மாற்றப் பார்த்திருப்பார். மாற்ற வேறு நாளில்லை. அல்லது வழிகாட்டிக்குச் சொல்லியிருப்பார், அவர்கள் என்னை விட்டுவிட்டு வரச் சொல்லியிருப்பார்கள். நான் வரவில்லை என்றால் அவரும் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். வாய் திறக்கக் கூச்சம் என்பதும் உண்மை. விரதம் இருப்பதை நாங்கள் ஊருக்குச் சொல்லிக்கொண்டு இருப்பதில்லை. இன்னொன்றும் நினைத்தேன். இருபத்தெட்டு வருடமும் விரத நாட்களில் வேலை செய்திருக்கிறேன். ஈர விரிப்புகளைக் கை நிறையத் தூக்கிப் போட்ட உடம்பு இது. ஒரு நாள் நடப்பதா பெரிய காரியம்? அதுதான் நான் விட்ட பிழை.

ஒடாஹுஹுவில் பழைய சாமான் விற்கிற ஒரு கடையில் நல்ல உறுதியான சப்பாத்து கிடைத்தது. என் கால் அளவுக்கு அரை அளவு பெரிது. இரண்டு சோடி காலுறை போட்டுச் சரிக்கட்டினேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் சிநேகிதியின் காரில் புறப்பட்டோம். மலையடிக்கு நாலரை மணித்தியாலம். வழியில் ஒரு ஊரில் காரை நிறுத்தி அவர் பேக்கரியில் காய்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ இரண்டு வாங்கினார்.

“அக்கா, சூடா இருக்கு. எடுத்துக்கங்க.”

“வயிறு கொஞ்சம் சரியில்லை.”

“பயம்க்கா அது. எனக்கும்தான் இருக்கு. நான் பயத்துல சாப்பிடுவேன், நீங்க பயத்துல சாப்பிட மாட்டேங்கறீங்க.” இரண்டையும் அவரே சாப்பிட்டார்.

தங்கிய இடத்தில் அவர் சூப் சூடாக்கினார். அதையும் வேண்டாம் என்றேன். பால் இருக்கிறதா என்று கேட்டு, சுடவைத்துக் குடித்து, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

விடியற்காலை மூன்று மணிக்கு எங்களை ஏற்றிப்போக வான் வந்தது. மதியத்துக்குப் பிறகு காற்று எழும்பும் என்று அறிவிப்பு இருந்ததால் வழிகாட்டி நேரத்தை முன்னுக்குத் தள்ளியிருந்தார். அவர் முப்பது வயதளவில் இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளில் ஒரு பெண், அந்த மலையடியில் பிறந்து வளர்ந்தவர். எங்களோடு கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்த, அறுபது தாண்டிய ஒரு கணவன் மனைவி. ஆக ஐந்து பேர்.

வானில் வைத்து வழிகாட்டி மூன்று விஷயம் சொன்னார். மலை தங்களுக்கு மூதாதை, அதன் தலை புனிதமானது, ஆகவே பாதையை விட்டு உச்சிக்கு யாரும் ஏறக்கூடாது. எனக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. இரண்டாவது, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மணிக்கு ஒரு தரம் ஏதாவது சாப்பிட வேண்டும். தானியமும் கொட்டையும் சேர்த்துக் கட்டியாக்கிய மியூஸ்லி பார் ஆளுக்கு மூன்று கொடுத்தார். மூன்றாவது, வழிகாட்டி ஒருவர்தான், ஒருவருக்கு முடியாமல் போனால் ஐந்து பேரும் திரும்புவோம். பனியில் யாரையும் தனியே விடமாட்டேன் என்றார்.

மூன்றாவதைக் கேட்டபோதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். பார்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அம்மா சஷ்டிக்கு மிளகு விழுங்குவார். முதல் நாள் ஒன்று, ஆறாம் நாள் ஆறு. அன்று எனக்கும் அப்படிச் செய்யத் தோன்றி, ஆறு மிளகைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். இருட்டில் ஒருவருக்கும் தெரியாமல் விழுங்கித் தண்ணீர் குடித்தேன்.

நடக்கத் தொடங்கும்போது நல்ல இருட்டு. தலையில் கட்டிய விளக்கு முன்னால் போகிறவரின் குதிக்காலை மட்டும் காட்டியது. முதல் ஒன்றரை மணித்தியாலம் பள்ளத்தாக்கு, பலகை போட்ட பாதை. கஷ்டமில்லை. அருகில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. சிநேகிதி வழக்கம்போலக் கதைத்துக்கொண்டே வந்தார். பெர்த்தில் பார்த்திருக்கிற வீட்டைப் பற்றி, அங்கே முகத்தில் மொய்க்கிற இலையான்களைப் பற்றி.

பிறகு படிகள். நூற்றுக்கணக்கில் படிகள். பாதியிலேயே பனி தொடங்கிவிட்டது. முதலில் படியின் ஓரத்தில் உப்புப் போலக் கொஞ்சம், பிறகு படியே தெரியாத அளவுக்கு. சிநேகிதி பேச்சைக் குறைத்தார். நான் மூச்சை எண்ணினேன். இடையில் நின்றபோது எல்லோரும் பாரைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். நான் திரும்பி நின்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். கயிறு அவிழ்ந்திருக்கவில்லை.

படிகள் முடிய ஒரு பெரிய வெளி வந்தது. எரிமலையின் பழைய வாய் அது, மைதானம்போல மட்டமாக, முழுவதும் வெள்ளை. வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. வலப்பக்கத்தில் பக்கத்து மலை கூம்பு போல நின்றது, அதன் நுனியில் மட்டும் ரோஸ் நிறம். வழிகாட்டி எங்களை நிறுத்தி, சப்பாத்துக்கு அடியில் இரும்புப் பற்களைப் பூட்டச் சொன்னார், கையில் ஐஸ் கோடரி தந்தார். எதிரே செங்குத்தான ஒரு மலைமுதுகு தெரிந்தது. அதில் ஏறினால்தான் மறுபக்கம். ஏறிவிட்டால் திரும்புவது சிரமம்.

என்னால் அந்தப் பற்களின் பட்டியைப் பூட்ட முடியவில்லை. விரல்கள் சொல் கேட்கவில்லை. வழிகாட்டி பூட்டிவிட்டார். பத்தடி நடந்திருப்பேன். இடது காலின் இரும்புப் பல் வலது கால்சட்டையில் மாட்டியது. முகம் குப்புற விழுந்தேன். நோகவில்லை. பனி மெத்தைபோல இருந்தது. எழும்பலாம் என்று கையை ஊன்றினேன், கை மடிந்தது. திரும்ப ஊன்றினேன், திரும்ப மடிந்தது. காதுக்குள் இரைச்சல். அப்படியே படுத்திருக்க விருப்பமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

சிநேகிதி ஓடிவந்து தூக்கி உட்காரவைத்தார். “கை ஐஸா இருக்கு. இன்னொரு கையுறை எங்கக்கா?” என்று என் சட்டைப் பைக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தது கையுறை அல்ல.

“என்னக்கா இது?”

நான் அதை வாங்கி மறைக்கப் பார்த்தேன், விரல் மடங்கவில்லை.

“மூணு பாரு. ஒண்ணுகூடப் பிரிக்கல. நேத்து பை வேணாம்னீங்க, சூப் வேணாம்னீங்க. கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?”

“ராத்திரி பால் குடிச்சனான்.”

“பால் இருக்கட்டும். சோறு?”

“ஞாயிறு ராத்திரி.”

“ஞாயிறா? இன்னைக்கு சனிக்கிழமைக்கா!”

“கந்தசஷ்டி, தங்கச்சி.”

அவர் மூன்று பாரையும் திரும்ப என் பைக்குள் வைத்தார். பிறகு பனியில் தொப்பென்று உட்கார்ந்தார். “எங்க அத்தையும் சஷ்டி இருப்பாங்க. ஃபேனுக்கு அடியில பாயைப் போட்டுப் படுத்துக்கிட்டு இருப்பாங்க. இப்படிக் கோடரியைத் தூக்கிட்டுப் பனியில அலைய மாட்டாங்க” என்றார். சிரிக்கிறாரா திட்டுகிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வழிகாட்டி என்ன விஷயம் என்று கேட்டார். சிநேகிதி ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் என் முன்னால் குந்தியிருந்து என் கண்ணைப் பார்த்தார். “உங்கள் நோன்பு உங்களுடையது. சாப்பிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சாப்பிடாத ஒருவரை அந்த முதுகில் ஏற்றவும் மாட்டேன். பத்து நிமிடம் தருகிறேன். பிறகு முடிவெடுப்பேன்” என்றார். கோபம் இல்லை. கிறைஸ்ட்சர்ச்காரர் ஒரு சொக்லேட்டை நீட்டினார். அவருடைய மனைவி அவருடைய கையில் தட்டி, சும்மா இருக்கச் சொன்னார்.

நான் சிநேகிதியின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். ஏழு வருடத்தில் மிஞ்சிய ஒரு துண்டு, அதில் பாதி தூரம் வந்தாயிற்று. இது மூன்றாம் முறை. நாலாம் முறை கிடையாது.

“திரும்பிடலாம்க்கா” என்றார் அவர். “இருபத்தெட்டு வருஷ விரதத்தைக் கெடுத்து நான் ஒரு கோடு போடணுமா? அதெல்லாம் வேணாம். மலை எங்க ஓடிடப் போகுது?”

“மலை நிக்கும். நீங்களெல்லோ போறீங்கள்.”

“பெர்த்துலருந்து டிக்கெட் போட்டு வருவேன்.”

“வரமாட்டீங்கள்.”

“ஆமா, வர மாட்டேன்” என்று ஒத்துக்கொண்டார். மூக்கைத் துடைத்தார். “அதுக்காக? முருகன் என்னைத்தான் கேப்பாரு, உங்களை இல்ல. எங்க ஊர்ல இருக்கிற ஆறு கோயிலுக்கும் நான் பதில் சொல்லணும்.”

“உங்கட சாப்பாட்டு டப்பாவைத் தாங்கோ.”

“அக்கா.”

“தாங்கோ. பத்து நிமிஷத்தில ரெண்டு போயிட்டுது.”

புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். குளிரில் நல்லெண்ணெய் உறைந்து சோறு கட்டியாக இருந்தது. கரண்டி இறங்கவில்லை, விரலால் உடைத்து வாயில் வைத்தேன். முதலில் தெரிந்தது புளியல்ல, உப்பு. ஆறு நாளைக்குப் பிறகு நாக்கில் உப்புப் பட்டதும் வாயெல்லாம் நீரூறிக் கண்ணும் கலங்கியது. அழுகையென்று சிநேகிதி நினைத்திருப்பார். ஒரு பங்கு உப்பினால் என்று இப்போது எழுதிவைக்கிறேன். சாமியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நினைத்தால் கை நின்றுவிடும் என்று தெரிந்தது. நிலக்கடலையைக் கடித்துக்கொண்டு முழு டப்பாவையும் முடித்தேன். பிறகு ஒரு பாரையும் பிரித்துச் சாப்பிட்டேன். சிநேகிதி பிளாஸ்கில் இருந்த சீனித் தேநீரை ஊற்றித் தந்தார்.

“மெதுவாக்கா. விக்கிக்கிட்டுச் செத்துடப் போறீங்க, அப்புறம் அதுக்கும் திரும்பணும்.”

பத்து நிமிடம் இருபது நிமிடமானது. வழிகாட்டி என்னை எழுந்து அங்குமிங்கும் நடக்கச் சொன்னார், விரல்களை மடக்கச் சொன்னார், என் பட்டியை நானே கழற்றிப் பூட்டச் சொன்னார். பூட்டினேன். வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எனக்குப் பின்னால் இரண்டாவதாக வாருங்கள்” என்றார்.

முதுகில் ஏறியது பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. காலால் உதைத்துப் படி செய்ய வேண்டும், கோடரியை ஊன்ற வேண்டும், அடுத்த காலை எடுக்க வேண்டும். சலவை மடிப்பதுபோல ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. அது எனக்குப் பழக்கம். ஏறும்போது சூரியன் வந்துவிட்டது. மேலே காற்றில் கந்தக மணம், அழுகிய முட்டைபோல. சிவந்த மண் பனிக்குள்ளால் ஆங்காங்கே தெரிந்தது, தொட்டால் சூடாக இருந்தது. மறுபக்கம் கீழே மூன்று சின்னக் குளங்கள், பாதி உறைந்து, பாதி பச்சையாக. கிறைஸ்ட்சர்ச்காரரின் மனைவி படம் எடுத்துத் தந்தார். அந்தப் படத்தில் என் கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை இருக்கிறது.

“சூரசம்ஹாரம் பார்க்காம இங்க வந்து நிக்கறீங்களே” என்று சிநேகிதி காதுக்குள் கத்தினார்.

“அது பின்னேரம்தானே.”

“இந்தக் குளிருக்கு அவரே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் மயில்ல ஏறுவாரு.”

இறக்கம் நீளம். பனி முடிந்து புல் வந்தது, புல் முடிந்து மரங்கள் வந்தன. வழிகாட்டி சொன்னதுபோலவே மேலே காற்று எழும்பியது, எங்களைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியது. நாங்கள் கீழே வந்துவிட்டோம்.

கார் நிறுத்துமிடத்தில் பாதை முடிகிற இடத்தில் ஒரு மரக் கம்பம் நிற்கிறது. சிநேகிதி அதில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அழுவார் என்று நினைத்துக் கைலேஞ்சியை எடுத்தேன். திரும்பி, “அக்கா, இங்க டாய்லெட் எந்தப் பக்கம்?” என்றார்.

பிறகு வானில் ஏறி, பையிலிருந்து அந்த வரைபடத்தை எடுத்தார். பிரிட்ஜிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருக்கிறார். சிவப்புப் பேனா குளிரில் எழுதவில்லை. உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டி, வாயால் ஊதி, திரும்பவும் முயன்றார். வரைபடத்தில் அந்தத் துண்டு என் சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட இல்லை. பாதிக் கோட்டை அவர் போட்டார். மீதியைப் போடச் சொல்லிப் பேனாவை என்னிடம் தந்தார். வேண்டாம் என்றேன். “கதைக்காமப் போடுங்கோ” என்று என்னைப்போலவே சொன்னார். போட்டேன். வான் ஒரு மேட்டில் ஏறியதால் கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது.

இரவு ஒன்பது மணிக்குச் சிநேகிதி காரில் வீட்டில் இறக்கிவிட்டார். கணவர் கோயிலுக்குப் போய் வந்து, திருநீறு காயாமல் இருந்தார்.

“விரதம்?”

“முறிச்சிட்டன்.”

“என்னத்தால?”

“புளிச்சோறு.”

கொஞ்சம் யோசித்தார். “உப்புக் காணுமோ?” என்று கேட்டார்.

“காணும், அளவாத்தான் இருந்தது” என்றேன். அவர் சுடுதண்ணீர் வைத்து, என் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விரதம் முடிக்கும் பாறணை. அவர் மட்டும் கோயிலுக்குப் போனார். நான் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனேன். உலர்த்தும் இயந்திரம் ஒன்று பழுது. விரிப்புகள் முடிய மத்தியானம் இரண்டு மணியாகிவிட்டது.